குளிர் வெளியே போகக் கூடாது

இது உண்மையிலேயே நடந்ததா என்று சந்தேகப்படுகிறவர்கள் செங்காட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அங்கே நிற்கும் எவரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். நடந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளவும் செய்வார்கள், ஆனால் தனக்கு அதில் ஒரு பங்கு இருந்தது என்று ஒருவர்கூடச் சொல்ல மாட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். பெருமையில் பங்கு கேட்க முண்டியடிப்பார்கள், பழி தேடி வந்தால் வீட்டில் ஆள் இல்லை என்று வீட்டுக்குள்ளிருந்தே குரல் கொடுப்பார்கள்.

எங்கள் ஊரில் ஆறுச்சாமி என்று ஒரு முதலாளி இருந்தார், இன்னும் இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். தண்ணீர் இறைக்கும் பம்ப் செய்து பணக்காரரானவர். அவருடைய பம்புகள் இறைத்து இறைத்து ஊர்க்கிணறுகள் எல்லாம் காய்ந்த பிறகு, இனி பம்ப் எதற்கு, கார் ஓட்டலாம் என்று ஒரு ரேஸ் டீம் ஆரம்பித்தார். மூடிய கார்களின் ரேஸ் அது. ஊருக்கு வெளியே மொட்டைக்காட்டில் போட்டிருந்த தார்த்தடத்தில், சித்திரை வெயிலில், தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்து, நெருப்புப் பிடிக்காத தடித்த உடுப்பும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும், ஓட்டி முடித்து இறங்கும்போது பாதிப் பேர் இறங்க மாட்டார்கள், இறக்கப்படுவார்கள். ஆறுச்சாமியின் காரை ஓட்டியவன் சென்னியப்பன். லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், ஒல்லி, பேச்சு குறைவு, வளைவில் பிரேக்கைத் தொடாமல் திரும்புவான், பெண்டாட்டி கோகிலவாணியிடம் மட்டும் வளவளவென்று பேசுவான். அவர்களுக்குக் கல்யாணமாகி அதிக காலம் ஆகியிருக்கவில்லை.

வெயிலில் டிரைவர் மயங்கினால் ரேஸ் போய்விடும், ரேஸ் போனால் ஆறுச்சாமியின் பெயர் போய்விடும். அதனால் வெளிநாட்டில் படித்து வந்திருந்த நிரஞ்சன் என்ற இன்ஜினியர் ஒரு வழி சொன்னான். டிரை ஐஸ். கரியமில வாயுவை இறுக்கிக் கட்டியாக்கியது. மற்ற ஐஸ் போல உருகித் தண்ணீர் விடாது, கட்டியாக இருந்தபடியே புகையாகிப் போய்விடும். கல்யாண மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேகத்துக்கு நடுவே நிற்பதாக நம்புவதற்காகக் காலடியில் விடுவார்களே, அந்தப் புகையும் இதுதான். அதில் ஒரு பெட்டி நிறைய சீட்டுக்குப் பின்னால் வைத்து, ஒரு சின்ன ஃபேனும் வைத்துவிட்டால் காருக்குள் ஊட்டி வந்துவிடும் என்றான் நிரஞ்சன். அந்தப் புகை காற்றைவிடக் கனமானது, மூடின இடத்தில் தேங்கினால் மூச்சுக்காற்றைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும் என்பதையும் அவன் படித்திருந்தான். அது பரீட்சைக்குப் படித்தது.

ஒத்திகை ஓட்டத்தில் சென்னியப்பன் இறங்கி வந்து, "தலை விண்ணு விண்ணுங்குதுங்க, மூச்சு எரைக்குது, கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்று சொன்னான்.

"டென்ஷன்" என்றான் நிரஞ்சன்.

"காத்தால என்ன சாப்பிட்டே?" என்று கேட்டார் ஆறுச்சாமி. இரண்டு இட்லி என்று சென்னியப்பன் சொன்னதும், "அதாம் பாரு, வெறும் வயிறு" என்று முடிவு சொல்லிவிட்டுக் காரைச் சுற்றி வந்தார். வலப்பக்கக் கண்ணாடி விரலளவு இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. அவர் வீட்டில் ஏசி ஓடும்போது யாராவது கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் தெருமுனைவரை கேட்கும்படி கத்துவார்; பெண்டாட்டி, பெண், சமையல்காரி, பூனை எல்லோரும் அந்தச் சத்தத்துக்குப் பழகியவர்கள். அவர் வீட்டில் மட்டுமா, எங்கள் ஊரில் ஏசி வாங்கின ஒவ்வொரு வீட்டிலும் முதலில் வாங்குவது ஏசி, அடுத்து வாங்குவது கதவிடுக்கில் வைக்கக் கோணித்துணி. "ஏண்டா, காசு குடுத்து வாங்குன குளுரு அத்தனையும் வெளிய போகுது, பாத்துட்டு நிக்கறீங்க?" என்று கத்தினார் முதலாளி. பட்டறைப் பையன்கள் ஓடிவந்து கண்ணாடியை ஏற்றி, கதவைச் சுற்றி, இடுக்கைச் சுற்றி, காற்றுத் துளையைச் சுற்றி, வெள்ளி நிற டேப்பை ஒட்டினார்கள், ஒட்டினார்கள், ஒரு கொசுகூட உள்ளே போக முடியாதபடி ஒட்டினார்கள். ரேஸ் தொடங்கும்போது கோகிலவாணி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டினாள். உள்ளேயிருந்து அவன் ஆட்டினானா என்று வெண்புகை மூடிய கண்ணாடியில் தெரியவில்லை.

சென்னியப்பன் ஜெயித்தான். கொடி விழுந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை, இன்னொரு சுற்று ஓட்டினான், அதற்குமேல் இன்னொன்று, அதற்குமேலும் இன்னொன்று. ஜெயித்த சந்தோஷத்தில் ஓட்டுகிறான் என்று கூட்டம் கைதட்டியது, கைவலிக்கும்வரை தட்டியது, பெட்ரோல் தீர்ந்து கார் தானாக நின்றபோது இன்னும் பலமாகத் தட்டியது. டேப்பைக் கிழித்துக் கதவைத் திறந்தார்கள். வெள்ளைப் புகை தரையில் வழிந்து ஓடிய பிறகு ஒரு கால் வந்தது, இன்னொரு கால் வந்தது, சென்னியப்பன் இறங்கி நின்றான். சுண்ணாம்பு போல வெளுத்திருந்தான். முடியில் உறைபனி, இமையில் உறைபனி, மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் சட்டைக் காலரிலிருந்தும் வெண்புகை இறங்கிக்கொண்டே இருந்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார், அது ஒட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்து, ஒன்றும் கேட்கவில்லை, கூட்டத்தின் சத்தம் அதிகம் என்று சொல்லிவிட்டு, ஆள் நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்தார். நின்றுகொண்டுதானே இருந்தான், எப்படி இல்லை என்று எழுதுவது?

"செயிச்சமா?" என்று கேட்டான் சென்னியப்பன். கேட்டதும் வாயிலிருந்து ஒரு கொத்துப் புகை கிளம்பி அவன் காலடியில் இறங்கியது.

ஆறுச்சாமி பாய்ந்து கையைக் குலுக்கினார். போட்டோக்காரர்கள் இன்னும் ஒரு தடவை என்றார்கள், இன்னும் ஒரு தடவை குலுக்கினார், கையை எடுத்தபோது உள்ளங்கைத் தோல் சென்னியப்பனின் கையிலேயே தங்கிவிட்டது. அந்தக் கட்டுப்போட்ட கையை முதலாளி வெகுகாலம் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு, தானே வளைவில் திரும்பி ஜெயித்தவர் மாதிரி ஊரை வலம் வந்தார். எங்கள் ஊர்க்காரர்களும் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.

கோகிலவாணிக்குத்தான் பயம் வந்தது, அவளுக்கு மட்டும்தான் வந்தது. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வைக்கிறவர்கள் போடும் தோல் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு புருஷனைப் பிடித்து வீட்டுக்கு அழைத்து வந்தாள். கட்டிலில் உட்கார வைத்தாள். கட்டில் சட்டம் குளிர்ந்து வெள்ளை பூத்தது. ஓடிவந்து மகனைக் கட்டிக்கொள்ளப் போன மாமியார் அருக்காணியை இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "தொட்டுப்போடாதீங்கத்தே, வெந்துபோயிரும்." மாமியார் அதற்கு, "பெத்தவ தொடாம யாரு தொடறது, எம்பட மவன் செயிச்சுப்போட்டு வந்திருக்கறான்" என்று சொல்லிவிட்டு ஆரத்தி கரைக்கப் போனாள். ஆரத்தித் தட்டில் ஏற்றிய கற்பூரம் அவன் காலடிக்கு இறங்கியதும் அணைந்தது. மறுபடி ஏற்றினாள், மறுபடி அணைந்தது. கற்பூரம் கலப்படம் என்று மளிகைக்கடைக்காரனைத் திட்டினாள்.

அந்த வீட்டில் அதற்குப் பிறகு தரையில் விளக்கு எரியவில்லை. பூனை பரண்மேல் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. எறும்புகள் சுவரில் மேலே மேலே வரிசை போட்டுப் போயின. அவனை அழைத்து வந்த அன்று ராத்திரி, கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்த கோகிலவாணி, தலை பிளக்க, மூச்சு வாங்க, செத்துப் பிழைத்து எழுந்து, தவழ்ந்து போய்க் கதவைத் திறந்து வாசலில் வாந்தியெடுத்தாள். எடுத்து முடித்து உட்கார்ந்திருந்தபோது காருக்குள் தன் புருஷனுக்கு என்ன நடந்தது என்பது அவளுக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து கதவு, ஜன்னல், புழக்கடைக் கதவு எல்லாவற்றையும் விரியத் திறந்து போட்டுக்கொண்டுதான் தூங்கினாள். வயசுப் பெண் கதவைத் திறந்து போட்டுத் தூங்குகிறாளே என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசத்தான் செய்வார்கள், வேறு என்ன வேலை.

கஷ்டம் என்னவென்றால், கதவைத் திறந்தால் அவன் குறைந்தான். காற்றுப் பட்டால் புகை வேகமாகக் கிளம்பியது, புகை கிளம்பக் கிளம்ப அவன் சிறுத்தான். காலையில் எழுந்து பார்த்தால் சட்டைக் காலர் தளர்ந்திருக்கும், கைவிரல் சட்டையின் கைக்குள் போயிருக்கும், மோதிரம் கட்டிலடியில் கிடக்கும். பேசினாலும் குறைந்தான். ஒரு வார்த்தைக்கு ஒரு கொத்துப் புகை, ஒரு கொத்துப் புகைக்கு ஒரு துளி ஆள். அவளிடம் வளவளவென்று பேசிய மனுஷன், அவளைப் பார்த்து வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் ஓடிவந்து, "பேசாதீங்க மாமா, பேசாம இருங்க, கண்ணாலயே சொல்லுங்க, எனக்குப் புரியும்" என்று கெஞ்சினாள். மாமியார் தினமும் காலையில் கட்டிலடியில் துணியை வைத்துத் துடைத்தாள். துணி காய்ந்தே இருந்தது. "ஐஸுன்னாத் தண்ணி நிக்கோணுமில்ல, அதயாச்சும் ஒரு சொம்புல புடிச்சு வெச்சுக்கலாமில்ல" என்று அழுதாள். தண்ணீர்கூட மிச்சம் வைக்காமல் கரைந்துகொண்டிருந்தான் அவள் பெற்ற பிள்ளை.

இப்படி ஒரு அதிசயம் வந்து விழுந்தால் மற்ற ஊர்க்காரர்கள் பயந்திருப்பார்கள், குறைந்தபட்சம் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பூக்காரி விற்காத மல்லிகையைக் கூடையோடு கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, விடிந்து எடுத்துக்கொண்டு போனாள். மீன்கடைக்காரன் ஞாயிறு மிச்சத்தைக் கொண்டுவந்தான். பால் சொசைட்டிக்காரர், மருந்துக் கடைக்காரர், தயிர் புளித்துப் போகிறது என்று அடுத்த தெருப் பெண்கள். வெயில் தாங்காமல் வந்து உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே சீட்டாடினார்கள். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் கொட்டாவி வந்தது, தலை வலித்தது, ரெண்டு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. "அப்பா, என்ன குளுரு, அப்படியே சொக்குது பாரு" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டார்கள். கோகிலவாணி ஜன்னலைத் திறந்தால், "அம்மிணி, குளுரு போகுது, சாத்து" என்று ஆளுக்கு ஆள் அதட்டினார்கள். அவள் வீடு, அவள் ஜன்னல், அவள் புருஷன்.

"அது குளுரு இல்லீங்க, எம்பட வீட்டுக்காரரு" என்றாள் ஒருநாள்.

"இருக்கட்டும், அதுக்காக வீணாப் போகோணுமா?" என்றார் பால் சொசைட்டிக்காரர்.

கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்கூல் ஆண்டு விழாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்துத் தன்னம்பிக்கையைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசி முடித்தபோது அவன் கால் தரைக்கு எட்டவில்லை. கட்சிக் கூட்டத்தில் தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் மறைத்து உட்கார வைத்தார்கள், தலைவர் முதல்முறையாக வியர்க்காமல் ஏழைகளைப் பற்றிப் பேசினார். கவுன்சிலரின் கையாள் ஒருத்தன், யாரும் பார்க்காதபோது சென்னியப்பனின் சுண்டுவிரலை ஒடித்து, பிராந்திக்குக் குளிர்ச்சியாக இருக்கும் என்று ஸ்டீல் தண்ணீர் பாட்டிலுக்குள் போட்டு மூடியை இறுக்கித் திருகி இடுப்பில் செருகிக்கொண்டு போனான். அடைத்த இடத்தில் அந்தப் புகைக்குப் போக வழியில்லை. அது வழி பண்ணிக்கொள்ளும். பாட்டில் வெடித்து அவன் விலா எலும்பு இரண்டு முறிந்தது. ஊர் என்ன சொன்னது தெரியுமா? சென்னியப்பனுக்கு சக்தி இருக்கிறது, கெட்டவனைத் தண்டித்துவிட்டான் என்றது. அதற்குப் பிறகு வந்தவர்கள் மீன்கூடையோடு ஒரு எலுமிச்சம்பழமும் கொண்டுவந்து வைத்தார்கள்.

சென்னியப்பன் ஐந்து வயசுப் பிள்ளை உயரத்துக்கு வந்துவிட்ட சமயத்தில் ஆறுச்சாமி கோகிலவாணி வீட்டுக்கு வந்தார். நிரஞ்சனும் கூட வந்திருந்தான். முதலாளியின் ஒரே மகள் ஹர்ஷிதாவுக்குக் கல்யாணம்.

"அம்மிணி, நம்ம பாப்பா கண்ணாலத்துக்குத் தம்பி வந்து மேடையில உக்காரோணும்" என்றார். "ஏசி வெக்க வழியில்லாம இல்ல. ஆனா ஊரு ஒறம்பரையெல்லாம் தம்பியப் பாக்கோணுமுங்கறாங்க. புகைக்குப் புகையுமாச்சு, குளுருக்குக் குளுருமாச்சு."

"வேண்டாமுங்க. இனி எங்கயும் தூக்கிட்டுப் போக மாட்டேனுங்க. இருக்கறதே இத்தனூண்டுதானுங்க."

"அதுக்குத்தான் வந்திருக்கறேன். நிரஞ்சா, சொல்லு."

நிரஞ்சன் சொன்னான். ஃபேக்டரியில் ஒரு ஃப்ரீசர் வரவழைத்திருக்கிறார்கள், மருந்துக் கம்பெனிகள் வைத்திருக்கும் ரகம், அதற்குள் வைத்துவிட்டால் சென்னியப்பன் இனி ஒரு இம்மியும் குறைய மாட்டான், இப்போது இருக்கிற அளவிலேயே எத்தனை வருஷமானாலும் இருப்பான், சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். "கல்யாணம் முடிஞ்ச கையோட நேரா அங்க கொண்டு போயிடலாம், சிஸ்டர்."

கோகிலவாணி புருஷனைப் பார்த்தாள். கட்டிலில் தொங்கிய கால்களை ஆட்டிக்கொண்டு அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இனி குறையமாட்டான் என்ற ஒரு சொல்தான் அவள் காதில் நின்றது. புருஷன் கட்டில் அளவா, கைக்குழந்தை அளவா, கண்ணாடிக்கு உள்ளேயா, வெளியேயா, எதுவாக இருந்தால் என்ன, இருந்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அவள் சரியென்று தலையாட்டினாள். பாவம், அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

கல்யாண மண்டபம் புதுசு, ஊரிலேயே பெரியது, கதவெல்லாம் கண்ணாடி. நுழைகிற இடத்தில் சீருடை போட்ட ஆள் நின்று, வருகிறவர்களை உள்ளே தள்ளிவிட்டு உடனுக்குடன் கதவைச் சாத்திக்கொண்டிருந்தான். மேடையில் மணவறைக்குப் பக்கத்தில் குட்டி நாற்காலி போட்டு, சென்னியப்பனுக்குச் சின்ன ஜிப்பாவும் வேட்டியும் தைத்துப் போட்டு உட்கார வைத்தார்கள். புகை சும்மா சொல்லக் கூடாது, அழகாகத்தான் இறங்கியது. மேடையிலிருந்து படியில் வழிந்து, படியிலிருந்து கூடத்தில் பரவி, முன்வரிசை நாற்காலிகளின் முழங்கால்வரை ஏறி நின்றது. பெண்கள் புடவைக் கொசுவம் மேகத்தில் மிதக்க நடந்தார்கள், திரும்பி நடந்தார்கள், வீடியோக்காரனுக்காக மறுபடி நடந்தார்கள். குழந்தைகள் எல்லாம் மேடையடிக்கு ஓடிவந்து தரையில் உட்கார்ந்து, புகையைக் கையால் அள்ளி ஒருத்தர்மேல் ஒருத்தர் ஊற்றிக்கொண்டு சிரித்தன.

முதலில் குத்துவிளக்கு அணைந்தது. ஏற்றினார்கள், அணைந்தது. பிறகு ஓமகுண்டம். ஐயர் நெய்யை ஊற்றினார், சுள்ளியை மாற்றினார், விசிறினார், கற்பூரத்தைக் கொத்தாகப் போட்டார். தீ தலையைத் தூக்கும், உடனே படுத்துவிடும். "ஏதோ சகுனம் சரியில்லை" என்று தொடங்கியவரை ஆறுச்சாமி ஒரு பார்வையில் நிறுத்தினார். டெகரேஷன்காரனைக் கூப்பிட்டார்கள். அவன் ஒரு சின்ன ஃபேன், அதன்மேல் சிவப்பு விளக்கு, அதற்குமேல் படபடக்கிற ஆரஞ்சுப் பட்டுத்துணி என்று கொண்டுவந்து குண்டத்துக்குள் வைத்துச் சுவிட்சைப் போட்டான். தத்ரூபமாக எரிந்தது. ஐயர் அதற்கு நெய்யைக் காட்டிவிட்டுப் பக்கத்துக் கிண்ணத்தில் விட்டுக்கொண்டு மந்திரத்தைத் தொடர்ந்தார், அக்கினி சாட்சி என்று சொல்லும்போதுகூட அவர் குரல் நடுங்கவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீ ஏன் எரியவில்லை என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

கோகிலவாணி தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்த குழந்தைகளின் சத்தம் குறைந்திருப்பது அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. எட்டிப் பார்த்தாள். ஒரு பட்டுப்பாவாடைக் குழந்தை பக்கத்துப் பையன் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தது. அந்தப் பையன் வாயைத் திறந்து வேக வேகமாக மூச்சு வாங்கிவிட்டுத் தானும் சாய்ந்தான். இன்னொன்று உட்கார்ந்த வாக்கிலேயே கவிழ்ந்தது. புகை மூடி, ஜரிகை மட்டும் அங்கங்கே மினுங்கியது.

"பாருங்க்கா, எத்தனை சமத்தாத் தூங்குதுக" என்றாள் முன்வரிசையில் ஒரு அம்மாள், பக்கத்திலிருந்தவளிடம். "ஊட்ல இதுகளத் தூங்க வெக்கறதுக்குள்ள உசுரு போகுது."

"குளுருக்கு நல்லாத் தூங்கும்" என்றாள் பக்கத்திலிருந்தவள், கொட்டாவி விட்டுக்கொண்டே. வீடியோக்காரன் குனிந்து தூங்குகிற குழந்தைகளை ஒரு சுற்று எடுத்தான், நிமிர்ந்ததும் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

கோகிலவாணி மேடையைப் பார்த்தாள். கதவுகள் அத்தனையும் திறந்து, சித்திரை வெயில் காற்று அடித்து, மேலே சுழலாமல் நிற்கிற ஃபேன்கள் அத்தனையும் சுழன்றால் சென்னியப்பன் என்ன ஆவான் என்பது அவளுக்குத் தெரியும், அவளைத் தவிர யாருக்கும் அது அத்தனை நன்றாகத் தெரியாது. வெளியே வேன் தயாராக நின்றது. ஃபேக்டரியில் ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருந்தது. தாலி கட்டி முடிக்கும்வரை பொறுத்தால் போதும், அவள் புருஷன் அவளுக்கு இருப்பான்.

அவள் மேடையேறினாள். யார் இவள் என்று மாப்பிள்ளை வீட்டார் பார்த்தார்கள். குட்டி நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு, தோல் கையுறை இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்கையால் அவன் கன்னத்தைப் பிடித்தாள். தோல் பொசுங்கியது, விடவில்லை.

"மாமா, பேசுங்க. இப்பப் பேசுங்க, எத்தனை வேணுமின்னாலும் பேசுங்க."

சென்னியப்பன் கீழே, புகைக்குள் மினுங்கிய ஜரிகைகளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"காருக்குள்ள நானும் கண்ணாடியத் தட்டுனேன் கோகிலா" என்றான். "எச்சா நேரம் தட்டுனேன். டேப்பு ஒட்டியிருந்துதில்ல, சத்தம் வெளிய வல்ல."

அவ்வளவுதான் அவன் பேசியது. அதற்கே அவன் இரண்டு வயசுப் பிள்ளை அளவுக்கு இறங்கிவிட்டான். கோகிலவாணி எழுந்து ஓடினாள். சுவரில் இருந்த சுவிட்சுகளை வரிசையாகத் தட்டினாள், மண்டபத்து ஃபேன்கள் எல்லாம் முனகிக்கொண்டு சுழன்றன. பக்கவாட்டுக் கதவை உதைத்துத் திறந்தாள், அடுத்ததைத் திறந்தாள், சீருடை ஆள் "ஏசி ஓடுதும்மா, ஏசி ஓடுது" என்று குறுக்கே வந்தான், அவனைத் தள்ளிவிட்டு வாசல் கதவையும் திறந்து அது சாத்திக்கொள்ளாமல் இருக்க வரவேற்புப் பன்னீர் மேசையை இழுத்துக் குறுக்கே கவிழ்த்தாள். வெயில் உள்ளே வந்தது, காற்று உள்ளே வந்தது, செம்மண் தூசி உள்ளே வந்தது, பந்தலில் கட்டியிருந்த வாழை இலைச் சருகுகூட உள்ளே வந்தது. புகை சுருண்டது, கிழிந்தது, வாசல் வழியாகத் தரையோடு தரையாகக் கொட்டிப் போனது. மேடையில் ஜிப்பா வேட்டிமேல் சரிந்தது, வேட்டி நாற்காலிமேல் சரிந்தது. நாற்காலியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"யாரு கதவத் தொறந்தது? எவ அவ?" என்று ஆறுச்சாமி கத்தினார். மூச்சு வாங்கியதால் கத்தலை முடிக்க முடியவில்லை. வியர்த்தது அவருக்கு. எல்லோருக்கும் வியர்த்தது, பவுடர் கரைந்தது, மாப்பிள்ளையின் மாமா ஒருவர் இதெல்லாம் ஒரு கல்யாணமா என்று சத்தம் போட்டார். "இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தா ஃப்ரீசருக்கே போயிருக்கலாமே, சிஸ்டர். பிளான் பக்காவா இருந்துச்சு" என்றான் நிரஞ்சன், உண்மையிலேயே வருத்தப்பட்டு. அவனுடைய வருத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளுக்கு நேரமில்லை. மேடையடியில் உட்கார்ந்து குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தோலுரிந்த கையால் முதுகில் தட்டினாள், கன்னத்தில் தட்டினாள், வாசல் காற்றுக்கு நேராகப் பிடித்தாள். ஒன்று இருமியது. ஒன்று வாந்தியெடுத்தது. அந்தப் பட்டுப்பாவாடைக் குழந்தை மட்டும் தலை தொங்கக் கிடந்தது, கிடந்தது, கோகிலவாணி அதன் வாயில் வாயை வைத்து ஊதினாள், மறுபடி ஊதினாள், கடைசியில் அது முகம் சிவக்க, கை காலை உதறி, மண்டபமே அதிரும்படி வீரிட்டு அழுதது.

அதன் அம்மா ஓடிவந்தாள். தூங்குகிற பிள்ளையைப் பார்த்துச் சமத்து என்று சொன்னவள் அவள்தான். குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, பாவாடையில் பட்டிருந்த வாந்தியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்குதா? நல்லாத் தூங்கிட்டிருந்த புள்ளய இப்படி எழுப்பி உட்டுட்டயே. எப்படி அழுகுது பாரு!"

"அழுகட்டுமுங்க" என்றாள் கோகிலவாணி. அவள் கண்ணிலிருந்தும் கொட்டிக்கொண்டிருந்தது. "சத்தமா அழுகட்டுமுங்க. அழுகறதுக்கு மூச்சு வேணுமில்லீங்களா."